பப்பாளிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

வாயில் பெயிண்ட் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இரும்புப் பைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு மதில் சுவரையும் தாண்டிய உயரத்தில், ஒரு சாரத்தின்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். அமீரகத்தின் புஜைராவில் வெயில் இன்னும் ஏறாத ஒரு காலை நேரம். கடல் பக்கமிருந்து லேசாக டீசல் வாடை வந்தது.

கீழே என் வீட்டுக்காரர் ஜமால் நின்றார். எண்ணெய் டேங்குகளுக்குச் சாரம் கட்டினால், அதில் ஆள் ஏறலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. வாழ்நாள் பூராவும் உயரத்தில் நின்றே சம்பாதித்தவர். அன்றைக்கு அந்த மனிதர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் சமையலறைக் கதவையே முறைத்துக்கொண்டிருந்தார். மேலே பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.

"நூரு, கிளிப் மாட்டிட்டியா?"

வாயில் பிரஷ். எப்படிப் பதில் சொல்வது?

"ரெண்டு கிளிப்பும் மாட்டுனியான்னு கேக்குறேன். பேச மாட்டேங்குறா பாரு!"

"ம்ம்ம்!" என்றேன். ஒற்றை 'ம்'மில் ஒரு மனிதரை எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவும் திட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு உரிமையாளரின் முற்றம். அங்கே அவர் மனைவியும் மகள்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காவா காப்பி குடித்தபடி என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கல்யாணம் நடக்கப் போகிறது என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பெண், என் முகத்துக்கு எதிரே நின்ற பப்பாளி மரம். மாப்பிள்ளை, என் இடுப்பில் தொங்கிய தண்ணீர் பாட்டிலுக்குள் இருந்தார்.

பெண் வீட்டுப் பெருமை

போன வாரம், பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளை தப்பித்துப் பிரின்சிபால் அறைக்குள் போன கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "லேப் அசிஸ்டெண்ட் வேலையில் உருப்படியாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கற்றுக்கொண்டேனம்மா. பூவைப் பிளந்து, எது ஆண், எது பெண், எதன் தூள் எதன்மேல் விழ வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே அது எனக்கு அத்துப்படி. மார்க் மட்டும்தான் எனக்கு யாரும் போடவில்லை.

அந்த மரத்தின் கதை மசாஃபி ரோட்டுச் சந்தையில் தொடங்குகிறது. வாரம் முழுக்கத் திறந்திருக்கும் அந்தச் சந்தைக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர். ஏன் என்று கேட்டால் கம்பளம் விற்கிறவர்கள் சிரிப்பார்கள். அங்கே ஒரு நாள் ஒரு பப்பாளி வாங்கினோம். வீட்டுக்கு வந்து வெட்டினால், உள்ளே செக்கச் செவேலென்று சதை. வாயில் வைத்ததும் ஜமால் பேச்சை நிறுத்திவிட்டார். கத்தியைக் கழுவாமல் அப்படியே நின்று நானும் தின்றேன். பப்பாளியில் ஒரு வாடை இருக்குமே, சில பேருக்குக் குமட்டும், அது இதில் துளிகூட இல்லை. ரோஜாப்பூவும் கற்கண்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

அடுத்த வாரமே ஓடினோம். கடைக்காரர் முதலில் "ஒமான் பழம்" என்றார். அதற்கடுத்த வாரம் "யமன்" என்றார். மூன்றாவது தடவை, "லாத்தா, ஏதோ ஒரு லாரியில வந்துச்சு, என்னைய விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பழம் பிறகு எங்கள் கண்ணில் படவே இல்லை.

நல்ல வேளை, விதையை நான் கழுவிக் காய வைத்திருந்தேன். முளைத்ததில் ஒன்று பிழைத்தது. அது பெண் மரம். காய்த்தது. அதே சிவப்பு, அதே மணம். உலகத்திலேயே எங்கள் பின்கட்டில் மட்டும்தான் அந்தப் பழம் என்று நான் அடித்த பீற்றலுக்கு அளவே இல்லை.

ஒரே ஒரு குறை. மரம் நெட்டை. நெட்டை என்றால் அப்படி ஒரு நெட்டை!

ஊப்பர் மாஃபி

வீட்டு உரிமையாளர் அபு ஸாலிம் தங்கமான மனிதர். வாடகை இரண்டு நாள் தாமதமானால் அவர்தான் கூச்சப்படுவார். ஆனால் மதில் விஷயத்தில் மட்டும் கறார். மரம் சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது. காய் பறிக்க ஜமால் ஏணி போட்டு ஏறினால், அவர்கள் வீட்டுப் பெண்கள் புழங்குகிற முற்றம் முழுசாகத் தெரியும். ஒரு நாள் வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஸிஸ்டர், ஊப்பர் மாஃபி. நீச்சே, மாஃபி முஷ்கிலா."

மேலே கூடாது, கீழே என்றால் பிரச்சினை இல்லை. அரபியும் இந்தியும் கலந்த இந்த மொழிக்கு இலக்கணம் கிடையாது, ஆனால் மறுத்துப் பேச இடமும் கிடையாது. பல மாதம் தள்ளி வரும் நோன்புப் பெருநாளுக்குள் மரத்தை எடுத்துவிடச் சொன்னார். அவர் கேட்டது நியாயம்தான். என் வீட்டு முற்றத்தை ஒருவன் எட்டிப் பார்த்தால் நான் சும்மா இருப்பேனா?

தலையை மட்டும் வெட்டிவிட்டால் பக்கத்தில் துளிர்க்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். முன்பு வேறொரு பப்பாளியை அப்படி வெட்டினேன்; தண்டு அழுகி, ஒரே வாரத்தில் செத்தது. இதன் விதையையே போட்டும் பார்த்தோம், பிள்ளைகளும் தாயைப் போலவே ஒட்டகச்சிவிங்கிகள்.

ஆக, அந்த ருசி இந்த வீட்டில் தங்க வேண்டுமானால் ஒரே வழிதான். இந்த நெட்டைப் பெண்ணுக்கு ஒரு குட்டை மாப்பிள்ளையைப் பிடிக்க வேண்டும். அதுவும் பெருநாளுக்குள்.

வரிசையில் நின்ற மாப்பிள்ளைகள்

என் தம்பி கீழக்கரையிலிருந்து வரும்போது ஒரு குட்டை ரகத்தின் விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைச் சமையலறைச் சுவரோரம் ஒரு வரிசை நட்டேன். பழம் சுரைக்காய் மாதிரி இருக்கும், வாயில் வைக்க முடியாது. ஆனால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கத்தானே செய்கிறது?

பூ விட்டதும் பாதி ஆண் என்று தெரிந்தது. ஆண் பப்பாளியில் நீளக் காம்பில் சரம் சரமாகச் சின்னப் பூக்கள் தொங்கும். ஊரில் அந்தச் சரத்தைப் பார்த்த உடனே வேரோடு பிடுங்கி எறிவார்கள். காய்க்காத மரம் எதற்கு என்பார்கள். நானும் அதுவரை அப்படித்தான் எறிந்திருக்கிறேன்.

இப்போதுதான் சிக்கல். பெண் மரம் என்றால் பழத்தைத் தின்று பார்த்து நல்லது கெட்டது சொல்லலாம். ஆண் மரத்தை என்ன செய்து பார்ப்பது?

பின்கட்டில் எங்களோடு பாதி வீட்டில் குடியிருந்தவர் தேவகி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை. டியூட்டி முடிந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னோடு வரிசையைச் சுற்றி வந்தார்.

"உதென்ன நூர், குந்திக்கொண்டிருந்து பப்பாசியோட கதைக்கிறீங்கள்?"

"மாப்பிள்ளை பாக்குறேன்க்கா."

"மெய்யாவோ? அப்ப வடிவாப் பாருங்கோ. எங்களை எத்தினை பேர் வந்து நிக்க வைச்சுப் பாத்தவங்கள்! இண்டைக்கு இவையள் நிக்கட்டும்."

இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம் பாருங்கள், அப்படி ஓர் அலசல். தண்டு பருமனா? கணு நெருக்கமா? வெயிலில் இலை சுருளுகிறதா? ஒன்றன் பூவைத் தட்டினால் தூளே விழவில்லை. "இவர் சரிவரமாட்டார்" என்று அக்கா கையை உதறினார். ஒன்று கூட்டத்தை முந்திப் பூத்திருந்தது, ஆனால் தண்டு ஊசி. "அவசரக்காரன், நிண்டு பிடிக்கமாட்டான்." இன்னொன்று தளதளவென்று அழகாக இருந்தது. நான் அதில் மயங்கிவிட்டேன். அக்கா டேப் வைத்து அளந்து, "உயரம் கூட. வடிவைப் பாத்து ஏமாறாதேங்கோ" என்று அடுத்ததற்கு நகர்ந்தார்.

கடைசியில் மூன்று தேறின. அதிலும் மூலையில் நின்ற ஒருத்தன்மேல்தான் எனக்குக் கண். முழங்கால் உயரம், கட்டை குட்டையான உடம்பு, பூவைத் தொட்டால் விரலெல்லாம் மஞ்சள். ஸ்வீட் பெட்டியில் கட்டி வந்த சிவப்பு ரிப்பனை வெட்டி மூன்றின் கழுத்திலும் கட்டினேன். நல்ல காரியத்துக்குச் சிவப்புதானே கட்டுவோம்.

கை சும்மா இருக்காத மனிதர்

அந்த வெள்ளிக்கிழமை, தம்பி மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க பர் துபாய் போயிருந்தேன். மீனா பஜாரில் ஜரிகையை உரசிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜமால் போன் பண்ணினார். லீவு நாள், பொழுது போகவில்லை, தோட்டத்தில் ஏதாவது வேலை இருக்கிறதா என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"வேண்டாத ஆண் செடியெல்லாம் பிடுங்கணும். நான் வந்து பாத்துக்கிறேன், நீங்க படுங்க."

படுத்தாரா? அதுதான் இல்லை.

சாயங்காலம் பையும் கையுமாக உள்ளே வருகிறேன். மனிதர் முகம் பூராவும் சிரிப்பு. "உனக்கு வேலையை மிச்சம் பண்ணிட்டேன்" என்று பின்கட்டைக் காட்டினார். பார்த்தேன். மூலை காலி. மூன்று குழி. ஊசித்தண்டு நிற்கிறது, தூள் இல்லாதது நிற்கிறது, அழகு மட்டும் உள்ளவர் தளதளவென்று நிற்கிறார்.

"சிவப்பு கட்டுனது எங்கே?"

"அதைத்தானே புடுங்குனேன்."

எனக்கு வந்த கோபத்தில் மீனா பஜார் பை எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. "சிவப்புக் கட்டுனதை ஏன் புடுங்குனீங்க? அறிவு வேணாம்?"

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "சைட்ல சிவப்பு டேக் தொங்குனா என்ன அர்த்தம்? ஆகாது, ஏறாதே, பிரிச்சுப் போடுன்னு அர்த்தம். பச்சை தொங்குனாத்தான் நிக்கலாம். நான் தினம் கட்டுறது அதுதானே நூரு! நீ எனக்காகக் குறிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

ஆத்திரத்தில் அழுகையும் வந்தது, பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. சத்தம் கேட்டு வந்த தேவகி அக்கா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "ஐயோ, உங்கட மனுசன் மாப்பிள்ளையளை எங்க கொண்டுபோய்ப் போட்டவர்?"

தெருமுனையில் முனிசிபாலிட்டி குப்பைத்தொட்டி. லாரி எந்த நேரமும் வரலாம். மூன்று பேரும் ஓடினோம்.

நான் அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் தொங்க, ஜமால் உள்ளேயே இறங்கிவிட்டார். முட்டை அட்டை, பழைய மெத்தை, யாரோ தின்று போட்ட அரபு மந்திச் சோறு. முதலில் வந்த இரண்டு செடியும் வெயிலில் வெந்து கீரையாகிவிட்டிருந்தன. மெத்தையைப் புரட்டினால், அடியில் மூன்றாவது. மூலைக்காரன்! நிழலில் கிடந்ததால் சரத்தின் நுனி மொட்டுகள் இன்னும் விறைப்பாக இருந்தன.

"இது உயிரோட இருக்கு" என்று கத்தினேன். நாங்கள் திரும்பி நடக்கும்போது லாரி முனை திரும்பியது.

சரங்களை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் வைத்தேன். வரிசையில் மிச்சம் நின்ற ஆண்களை அந்தக் கோபத்திலேயே நானே பிடுங்கினேன். பாட்டிலில் இருக்கும் மொட்டுகள் காலையில் விரியும். விரிந்த கையோடு தூள் பெண் பூவிடம் போய்ச் சேர வேண்டும். தவறினால் எல்லாம் கலாஸ். புது விதை போட்டு, அது பூத்து வருவதற்குள் பெருநாள் வந்துவிடும், மரம் போய்விடும்.

பெண் பூவோ உச்சியில் இருக்கிறது. உச்சியில் ஏறக்கூடாது.

சுவருக்கு அப்பால் ஒரு சம்மதம்

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அபு ஸாலிம் வீட்டு வாசலுக்குப் போனோம். நான்தான் எனக்குத் தெரிந்த மொழிகளையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினேன்.

"அபு ஸாலிம், பாபாயா பீவி. யே மியா. மியா சோட்டா, பீவி லம்பா. கல் ஷாதி."

மரம் மனைவி, இது கணவன், இவன் குட்டை, அவள் நெட்டை, நாளைக்குக் கல்யாணம். ஜமால் தரை பிளந்தால் இறங்கிவிடுகிற முகத்தோடு நின்றார்.

அபு ஸாலிம் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஃபஹல்!" என்றார். "ஃபஹல், ஸஹ்?"

ஆண் மரம்தானே, சரியா என்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் பேரீச்சைக்காரர். பேரீச்சையிலும் ஆண் வேறு, பெண் வேறு. வருஷா வருஷம் ஆண் பாளையை வெட்டி, பெண் குலைக்குள் சொருகிக் கட்டுவார்கள். நான் ஊமைச் சாடையில் விளக்கப் பார்த்ததை அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது!

அப்புறம் அவர்தான் பேசினார், எங்களை விடவில்லை. சரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார், மொட்டுகளை மோந்து பார்த்தார். மலையோரம் இருக்கும் அவர்கள் தோட்டத்தில் ஓர் ஆண் பேரீச்சை நிற்கிறதாம். அதன் பாளைக்காகச் சொந்தக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்களாம். ஒரு பழம்கூடத் தராத அந்த மரத்துக்குத்தான் முதல் தண்ணீராம். ஆண் நல்லதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழுத்த பிறகு குலையைப் பார் என்று சிரித்தார். முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவருக்கும் வழி தெரியவில்லை. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

முடிவாகத் தீர்ப்புச் சொன்னார். "மதாம் ஊப்பர், ஓகே. ரஜ்ஜால் ஊப்பர், மாஃபி."

பொம்பளை ஏறலாம், ஆம்பளை ஏறக்கூடாது. நிமிர்ந்தும் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக் காட்டினார். கல்யாணம் நடந்தால் பழம் பழுக்கிற வரைக்கும் மரம் நிற்கட்டும், பிறகு எடுத்துவிட வேண்டும் என்றார். "இன்ஷா அல்லாஹ்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் ஜமால் நின்றார். "நூரு, நீ நாற்காலியில ஏறி பல்பு மாட்டவே என்னையக் கூப்புடுவியே."

மேலே

இப்படித்தான் நான் அந்தக் காலையில் அங்கே நின்றேன். ஜமால் அபு ஸாலிமிடம் கேட்டுக்கொண்டு, அந்த முற்றத்துக்கு யாரும் வருவதற்கு முன்பு, விடியும்போதே நண்பரின் ஒர்க்ஷாப்பிலிருந்து பைப்பும் பலகையும் கொண்டுவந்து சாரம் கட்டினார். ஓர் ஆள் ஏறும் வேலைக்கு இருபது ஆள் தாங்குகிற சாரம். எனக்கு ஹெல்மெட், பெல்ட் எல்லாம் மாட்டி, சைட்டில் தினம் காலையில் செய்வது போல எதிரே நிற்க வைத்துப் பாதுகாப்புப் பாடமும் எடுத்தார். தேவகி அக்கா ஒற்றை ஆளாகக் கைதட்டினார்.

ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அபு ஸாலிமின் மனைவி, "யல்லா, யல்லா!" என்று குரல் கொடுத்தார். மகள் ஒருத்தி ஆங்கிலத்தில் "டோண்ட் லுக் டவுன், ஆண்ட்டி!" என்றாள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

இலைக்காம்பின் இடுக்கில், விரியத் தயாராக, பருத்த வெள்ளை மொட்டுகள். ஒன்றின் இதழை நகத்தால் மெல்லப் பிரித்தேன். பாட்டிலில் விரிந்திருந்த ஆண் பூவைப் பிரஷ்ஷால் தொட்டேன். நுனி மஞ்சளாகியது. அதை உள்ளே பட்டும் படாமலும் தடவி, வேறு தூள் படாமல் பட்டர் பேப்பர் உறை போட்டு நூலால் கட்டினேன். கை நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

கடைசி உறையைக் கட்டியதும், அடுத்த முற்றத்திலிருந்து குலவை ஒலி எழுந்தது. நிஜக் கல்யாணத்தில் எழுப்புவார்களே, அதே சத்தம். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று ஜமால் கதவைப் பார்த்தே அலறினார்.

கட்டிய பூக்களில் பாதி காயாகின. பழுத்தன. விதை எடுத்தேன். அன்றே மரத்தை வெட்டச் சொன்னேன். "பிள்ளைகள் எப்படி வருதுன்னு பாத்துட்டு வெட்டலாமே, நான் அவர்ட்ட பேசுறேன்" என்றார் ஜமால். வாக்கு வாக்குதான் என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பப்பாளி மரத்துக்கா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

பிள்ளைகள்

கன்றுகள் வளர்ந்தன. எல்லாம் இடுப்புக்குக் கீழேயே பூத்தன. மூலைக்காரன் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தான். ருசி?

முதல் மரத்துப் பழத்தைத் தட்டில் வைத்து எல்லோருமாகத் தின்றோம். வெள்ளரிக்காய். தேவகி அக்கா, "பரவாயில்லை, சலாட்டுக்கு நல்லம்" என்றார். இரண்டாவது அதைவிட மோசம். கையிலிருந்த நல்ல மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டேனே! ஜமால் தன் துண்டை முழுசாகத் தின்று முடித்தார். எனக்காகத் தின்கிறார் என்று தெரிந்தது.

மூன்றாவது மரத்துப் பழம் பழுத்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. தட்டும் எடுக்கவில்லை. கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பழம் அவ்வளவு தாழ்வாகத் தொங்கியது, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பறிக்க முடிந்தது. மடியில் வைத்துப் பிளந்தேன். செக்கச் செவேல். அதற்கும் பயந்தேன், நிறத்தை நம்பி ஏமாறலாம். ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தேன்.

"என்னங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஜமால் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். எதையோ மிதித்துவிட்டேன், தேள் கொட்டிவிட்டது என்று நினைத்தாராம். நான் ஒரு துண்டை அவர் வாயில் திணித்தேன். மென்றார். அப்படியே என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, கன்னத்தில் சோப்பு நுரையோடு, மிச்சப் பழத்துக்குக் கையை நீட்டினார்.